ஆம்புலன்ஸ் வருமுன் நம் கடமை

மணிலா பிடுங்கும் காலத்திலும், நெல் அறுக்கும் காலத்திலும், கரும்பு வெட்டும் காலத்திலும் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்து உழவர்களின் கையும் காலும் மண்ணோடு மண்ணாகவே இருக்கின்றன. தானியம் உள்ள இடத்தை எலி நாடுகிறது. எலியை நாடிப் பாம்பு வருகிறது. குழித்தறியில் கால்களை இறக்கி அமரும் நெசவாளருக்கும் இந்த அபாயம் இல்லாமலில்லை. ஆகவே நமது அங்கத்தினர் யாவரும் பாம்புக்கடிக்கு உரிய முதலுதவியை அறிந்திருத்தல் அவசியமாகும்.

2000 முதல் 2019 வரை நமது நாட்டில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர்கள்! இவர்களிற் பெரும்பாலோர் கிராமவாசிகள். தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் தவறாது தெரிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் சேர்த்தது. கடிக்கு மருந்து உண்டு. ஆயினும், மருந்து இருக்குமிடத்திற்கு நோயாளி போய்ச் சேருவதற்குள் வீணாகும் காலமே பல குடும்பங்களைக் கெடுத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் முதல் 108 என்னும் இலவச ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதில் ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருகிறார். அவர் நோயாளியைப் பரிசோதிக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உயிரை முதலில் கொல்லக்கூடியது எதுவோ அதையே முதலில் பார்க்க வேண்டும் என்பதே அவ்வொழுங்கின் உட்கருத்து. அதை நாமும் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, இடம் பத்திரமானதா என்று பார்த்தல். பாம்பு அருகிலிருப்பின் நோயாளியை அப்புறப்படுத்த வேண்டும். பம்ப்செட் கொட்டகையில் ஒருவர் மின்சாரம் தாக்கி விழுந்திருப்பின், மெயின் சுவிட்சை அணைக்காமல் அவரைத் தொடலாகாது. உதவச் சென்றவர் இரண்டாவது நோயாளி ஆவதால் ஒருவருக்கும் நன்மையில்லை.

இரண்டாவது, நினைவு. தோளைத் தட்டிப் பெயர் சொல்லி அழைத்தால் விடை வருகிறதா?

மூன்றாவது, மூச்சு. வாயில் வெற்றிலையோ வாந்தியோ அடைத்திருந்தால் அகற்ற வேண்டும். நினைவின்றி, ஆனால் சீராக மூச்சுவிடுபவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பது நலம். வாந்தி மூச்சுக்குழலில் இறங்காது. நினைவுமின்றி இயல்பான மூச்சுமின்றிக் கிடப்பவருக்கு, மார்பின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 தடவை வரை, இரண்டு அங்குல ஆழத்திற்கு அழுத்திக்கொண்டேயிருக்க வேண்டும்.

நான்காவது, இரத்தம். காயத்திலிருந்து இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இவை நான்கும் பார்த்த பின்னரே, என்ன நடந்தது, எப்போது நடந்தது, முன்பு என்ன நோய், என்ன மருந்து என்ற கேள்விகள் வரும்.

இனி, பாம்புக்கடிக்கு வருவோம். நம் பக்கத்தில் மிகுந்த உயிர்ச்சேதம் விளைவிப்பவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதலிரண்டின் விஷம் நரம்பைத் தாக்கும்; இமை தொங்கும், பேச்சுக் குழறும், இறுதியில் மூச்சு நின்றுவிடும். பின்னிரண்டின் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும். ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் காணும். இவற்றுள் கட்டுவிரியன் வஞ்சகமானது. இரவில் தரையில் உறங்குபவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் இராது. பல் பட்ட தடமும் தெரியாமற் போகலாம். நன்றாகப் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி என்று எழுந்து, கண்ணைத் திறக்க முடியவில்லை என்றால், சூடு என்றோ வாயு என்றோ எண்ணிக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கலாகாது.

கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடலாகாது. தசை அசைய அசைய விஷம் விரைந்து பரவும். தைரியம் சொல்லிப் படுக்க வைத்து, எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போல் மூங்கிற் பத்தையோ பலகையோ வைத்து அந்தக் கையையோ காலையோ அசையாமற் செய்ய வேண்டும். வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், கொலுசு, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கயிற்றால் இறுகக் கட்டுவது நமது முன்னோர் வழக்கம். அது தவறென்று இன்று தெளிவாகியுள்ளது. கட்டினால் விரியன் விஷம் ஓரிடத்திலேயே தேங்கித் தசையை அழுகச் செய்யும்; இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் காலையே இழக்க நேரலாம்; திடீரென அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரே வீச்சில் உடலெங்கும் பாயும். கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மந்திரித்தல், பாம்பைத் தேடி அடித்தல் ஆகியவையும் காலத்தை வீணாக்குபவையே. நான்குக்கும் மருந்து ஒன்றேயாதலால், பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

ஆம்புலன்ஸ் உதவியாளர் நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் பார்ப்பார், பிராணவாயு கொடுப்பார், மூச்சு தளர்ந்தால் காற்றூட்டும் பையை முகத்தில் பொருத்தி அழுத்திக்கொண்டே வருவார். கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சு நின்றும் இதயம் துடித்துக்கொண்டிருக்கும். ஆதலால் இந்தப் பையே அவரை மருத்துவமனை வரை காப்பாற்றும். விஷமுறிவு மருந்தால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாவதால், அது மருத்துவமனையிலேயே செலுத்தப்படுகிறது. அங்கே சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பர். உறையாவிட்டால் விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். குழந்தைக்கும் பெரியவர் அளவே மருந்து கொடுப்பர். முறிக்க வேண்டியது பாம்பு இறக்கிய விஷத்தையல்லவா?

அம்மருந்தின் வரலாறு கூட்டுறவாளரான நமக்குப் பெருமை தருவது. 1978ஆம் ஆண்டில் இருளர் மக்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினர். தோலுக்காகப் பாம்பைக் கொன்று பிழைத்தவர்கள், சட்டம் அத்தொழிலைத் தடுத்தபின், பாம்பை உயிருடன் பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடலாயினர். அவ்விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியிலிருந்து மருந்து தயாரிக்கின்றனர். நாட்டின் மருந்துக்கு வேண்டிய விஷத்திற் பெரும்பகுதியைப் பல்லாண்டுகளாக அச்சங்கமே அளித்துள்ளது. அவ்வினத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஒரு சங்கம் மருந்துக்கு வழிசெய்தது. அம்மருந்திடம் நம்மவரைக் காலத்தோடு சேர்ப்பிக்க மற்றச் சங்கங்கள் முன்வர வேண்டாமா? 108ஐ அழைத்தால் விடையளிப்பவர் சென்னையில் இருக்கிறார். நமது ஏரிக்கரையும் சந்தும் அவர் அறியார். தாலுகா, ஊர், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, செஞ்சிச் சாலையிலிருந்து திரும்பும் வழி ஆகியவற்றை நிதானமாகச் சொல்லி, சாலை முனையில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். இவ்விவரத்தை ஒவ்வொரு ஊரிலும் சங்கச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்குச் செலவு ஒரு டப்பா வர்ணமே. இரவில் கைவிளக்கின்றி வரப்பில் இறங்காதிருத்தலும், குழித்தறியில் விளக்கடித்துப் பார்த்த பின்பே கால் வைத்தலும், பாயைவிடக் கட்டிலில் கொசுவலை கட்டி உறங்குதலும் நம் கையில் உள்ள காப்புகள். அடுத்த மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இவற்றை எடுத்துப் பேசி, இன்றே செய்யத் தக்கவற்றை நாளைக்கென ஒத்திவையாது செய்து முடிப்பார்களாக.