ஓவியக் கல்லூரியில் சேர: படைப்புத் தொகுப்பு தயாரிப்பது எப்படி?

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் ஓர் அம்மையார் என்னிடம் கேட்டார்: "சார், எங்க பையன் ஓவியந்தான் படிப்பேன்னு நிக்கிறான். காலேஜ்ல போர்ட்ஃபோலியோ கொண்டு வரணுமாம். அப்படின்னா என்ன சார்?"

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கும் அது தெரியாது. ஆனால் தெரிந்தவனைப் போல நடந்துகொண்டேன். அதனால் என் பேத்திக்கு ஓர் ஆண்டு வீணாயிற்று. அந்தத் தவறு நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்னொரு பிள்ளைக்கு நேரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

போர்ட்ஃபோலியோ என்பது மாணவர் தாமே செய்த படைப்புகளில் தேர்ந்தெடுத்த சிலவற்றின் தொகுப்பு. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மதிப்பெண் பார்ப்பார்கள். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை போன்ற பட்டப் படிப்புகளில் மதிப்பெண்ணோடு கையையும் கண்ணையும் பார்ப்பார்கள். நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அங்கேயே உட்காரவைத்து வரையச் சொல்லும் தேர்வும் உண்டு. எதிரே வைத்த பொருட்களைப் பார்த்து வரைவது, கொடுத்த தலைப்புக்குப் படம் அமைப்பது, நினைவிலிருந்து வரைவது என்று அது பல வகை. பிறகு நேர்காணலில் தொகுப்பைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள்.

நான் செய்த தவறு

பேத்தி அப்போது இரண்டாம் ஆண்டு பி.யு.சி. முடித்திருந்தாள். "வரைபடம் என்றால் எனக்குத் தெரியாதா? ஆயுளில் பாதி டிராயிங் போர்டு முன்னால்தானே போயிற்று" என்று பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். 2H பென்சில் கொடுத்தேன். ஓரம் விட்டுக் கோடு போடச் சொன்னேன். தவறான கோடு ஒன்றுகூடத் தெரியாமல் அழிக்கச் சொன்னேன். இருபது படங்கள் தயாராயின. அவற்றில் பெரும்பாலானவை காலண்டரையும் வாழ்த்து அட்டையையும் பார்த்து வரைந்தவை. எல்லாவற்றையும் லேமினேட் செய்து, ஸ்பைரல் போட்டு, அட்டையில் ஸ்டென்சில் எழுத்தில் பெயரும் எழுதினேன்.

அவளிடம் பழைய கெமிஸ்ட்ரி நோட்டு ஒன்று இருந்தது. பின்பக்கமெல்லாம் கிறுக்கல். ரயிலுக்குக் காத்திருந்து தூங்குகிறவர்கள், பூக்கட்டும் கிழவி, என் மனைவி அரிசி புடைக்கும் கைகள். "இது அசிங்கமாக இருக்கிறது, வேண்டாம்" என்று நான்தான் அதை வீட்டிலேயே வைக்கச் சொன்னேன்.

நேர்காணலில் ஆசிரியர் எல்லாப் பக்கங்களையும் பொறுமையாகப் புரட்டினார். பிறகு ஒரே ஒரு கேள்வி: "இதில் நீ நேரில் பார்த்து வரைந்தது எது?" அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பட்டியலில் பெயர் வரவில்லை. ஊருக்குத் திரும்பும் ரயிலில் வாயே திறக்காமல் வந்தவள், இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "அந்த நோட்டை எடுத்துட்டுப் போயிருக்கலாம் தாத்தா." அதற்கு நான் என்ன சொல்ல முடியும்?

விளக்கேந்திய பெண்

அவள் பிரதி எடுத்த படங்களில் முதலாவது, கையில் விளக்கோடு நிற்கும் பெண். நம் வீடுகளில் காலண்டராகவும் ஃப்ரேம் போட்ட படமாகவும் தொங்குவது. பலர் அதை ரவிவர்மாவின் ஓவியம் என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். உண்மையில் அது 1940களில் எஸ்.எல்.ஹல்தாங்கர் வரைந்த நீர்வண்ண ஓவியம். 'க்ளோ ஆஃப் ஹோப்' என்று பெயர். மூல ஓவியம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது.

அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு ஒருநாள் பேத்தியை அங்கே அழைத்துச் சென்றேன். சுடரை மறைக்கும் விரல்களின் வழியாக ஒளி சிவந்து கசிகிறது. முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். அதற்கு மாதிரியாக நின்றவர் ஹல்தாங்கரின் சொந்த மகள் கீதா. வீட்டுப் பெண்ணை விளக்கோடு நிற்கவைத்து, அந்த ஒளி எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தீட்டியிருக்கிறார். நாங்கள் செய்தது, அவர் பார்த்து முடித்ததைக் காகிதத்தில் திரும்ப எழுதியதுதான். பழகுவதற்குப் பிரதி எடுப்பது நல்லது. ஆனால் தொகுப்பில் அது பிள்ளையின் படைப்பாகாது.

தெரிந்ததும் தெரிவதும்

இதை என் தொழிலை வைத்தே சொல்லிவிடுகிறேன். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் மாறாமல் பார்ப்பது எங்கள் முக்கியமான வேலை. அகலப் பாதையில் அது 1676 மில்லிமீட்டர். இங்கும் அதே, அரக்கோணத்திலும் அதே. ஆனால் நடைமேடையின் நுனியில் நின்று பாருங்கள். தூரத்தில் இரண்டும் ஒன்றாகச் சேர்வது போலத்தான் தெரியும். என்னை வரையச் சொன்னால் தெரிந்த அளவை வரைவேன். பேத்தி கண்ணுக்குத் தெரிவதை வரைவாள். பாதை போட என் படம் வேண்டும். ஓவியக் கல்லூரிக்கு அவள் படம் வேண்டும்.

ஆகவே தொகுப்பில் பாதிக்குமேல் நேரில் பார்த்து வரைந்தவையாக இருக்கட்டும். அதற்கு எங்கும் போக வேண்டாம். சமையலறையில் பித்தளைக் குடம், சொம்பு, அரிவாள்மணை, வெட்டிய பூசணி. மடித்துப் போட்ட போர்வையின் சுருக்கங்கள். கண்ணாடி பார்த்துத் தன் முகம். தன் இடது கை. எங்கள் ஊரானால் காவிரிப் படித்துறை, 1804-இல் கட்டிய வெல்லெஸ்லி பாலத்தின் கல் தூண்கள், ரங்கநாதர் கோயில் முன் கடைகள், கரும்பு வண்டி. ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் என்ற அமெரிக்கக் கல்லூரி பல ஆண்டுகள் விண்ணப்பிக்கும் எல்லோரையும் ஒரு சைக்கிளை வரைந்து அனுப்பச் சொல்லி வந்தது. தினமும் பார்க்கும் சைக்கிளையே பார்க்காமல் வரைந்தால் செயின் எங்கே போகிறது என்று தடுமாறுவோம். முயன்று பாருங்கள்.

படம் அமைக்கும் முறைக்கு எங்கள் ஊர் தரியா தௌலத் மாளிகையே பாடம். 1784-இல் திப்பு சுல்தான் கட்டியது. 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் நடந்த போர் சுவர் முழுவதும் தீட்டப்பட்டிருக்கிறது. நம் தமிழ்நாட்டு மண்ணில் நடந்த போர் இங்கே காவிரித் தீவில் ஓவியமாக இருக்கிறது! நூற்றுக்கணக்கான வீரர்கள், யானைகள், குதிரைகள், நடுவே கர்னல் பெய்லியின் படை. இத்தனை கூட்டத்திலும் கண் எங்கே முதலில் போகிறது, ஏன் போகிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கேயே சிறு நோட்டில் வெறும் கட்டங்களாகவும் கோடுகளாகவும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தயாரிக்கும் முறை

எண்ணிக்கை: கல்லூரி எத்தனை கேட்கிறதோ அத்தனை. எண் சொல்லாவிட்டால் பதினைந்து முதல் இருபது போதும். சுமாரான ஐந்தைச் சேர்ப்பதைவிட எடுத்துவிடுவது மேல். பார்ப்பவர் மனத்தில் தங்குவது முதல் படமும் கடைசிப் படமும். நல்லவற்றை அங்கே வையுங்கள்.

வகை: பென்சிலோடு நிற்க வேண்டாம். கரி, மை, நீர்வண்ணம், ஒட்டுப்படம், களிமண் எதுவானாலும் இரண்டு மூன்று வகை இருக்கட்டும். பென்சிலில் 2B, 4B, 6B வாங்குங்கள். என் 2H நிழல் கொடுக்க உதவாது.

நோட்டுப் புத்தகம்: கிறுக்கிய நோட்டைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். ஒரு படம் முதலில் எப்படி இருந்தது, எங்கே மாறியது என்பது அதில்தான் தெரியும். அடித்த கோடும் அழித்த கோடும் அங்கே குறையல்ல.

பாதுகாப்பு: லேமினேஷன் வேண்டாம், பளபளத்துப் படத்தை மறைக்கும். கண்ணாடி ஃப்ரேமும் வேண்டாம். கரி ஓவியத்துக்கு ஃபிக்ஸேடிவ் அடித்து, நடுவே பட்டர் பேப்பர் வைத்து, தட்டையான அட்டை உறையில் கொண்டு போங்கள். பின்புறம் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு எழுதுங்கள்.

புகைப்படம்: கணினி வழியாக அனுப்பச் சொன்னால், படத்தைச் சுவரில் நேராக மாட்டி, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். கேமரா படத்தின் நடுவுக்கு நேராக இருக்க வேண்டும். சாய்ந்தால் சதுரம் சரிவகமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. டியூஷன் ஆசிரியரோ அண்ணனோ "கொஞ்சம் திருத்தித் தருகிறேன்" என்று தொட்ட படத்தை வைக்காதீர்கள். தேர்வு அறையில் பிள்ளை வரைவதும் தொகுப்பில் இருப்பதும் வேறு கையாகத் தெரிந்துவிடும். மேலும், ஒவ்வொரு படத்தைப் பற்றியும் இரண்டு வாக்கியம் பேசப் பழக்குங்கள். இங்கே நேர்காணல் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும். நம் பிள்ளைகளுக்குக் கன்னடம் நன்றாகவே வரும், கூச்சம்தான் தடை.

எங்கே படிக்கலாம்?

மைசூரில் கர்நாடக அரசின் சாமராஜேந்திர காட்சிக் கலை அகாதெமி, சுருக்கமாக 'காவா', இருக்கிறது. பெங்களூரில் சித்ரகலா பரிஷத்தின் கல்லூரி. ஊர்ப் பக்கம் போக நினைத்தால், 1850-இல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும், கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியும் உண்டு. வடக்கே பரோடாவும் சாந்திநிகேதனும் பெயர் பெற்றவை. வெளிநாட்டில் இருக்கும் நம் உறவினர் பிள்ளைகளுக்கு விதிகள் வேறு. மேலே சொன்ன ரோட் ஐலண்ட் கல்லூரி 12 முதல் 20 படைப்புகள் கேட்கிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த ஆண்டின் விவரப் புத்தகத்தைப் படித்தே வேலையைத் தொடங்குங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்த நாம், பிள்ளை எங்கே எத்தனை ஆண்டு படித்தது என்பதற்கான பள்ளிச் சான்றிதழ்களை முன்பே வாங்கி வைப்பதும் அவசியம்.

பேத்தி மறு ஆண்டு மீண்டும் எழுதினாள். இந்த முறை நான் ஓரக்கோடு போடவில்லை. பென்சில் சீவிக் கொடுத்தேன், அசையாமல் உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தேன், அவ்வளவுதான். ஒருநாள் மின்சாரம் போனபோது அவள் பாட்டி மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "பாட்டி, அப்படியே நில்லுங்க!" என்று இவள் கத்தினாள். மெழுகு கையில் சொட்டுகிறது என்று பாட்டி திட்டியபடியே நின்றாள். கரியில் வரைந்த அந்தப் படம்தான் தொகுப்பில் முதலாவதாகப் போயிற்று. கெமிஸ்ட்ரி நோட்டு கடைசியாகப் போயிற்று. இடம் கிடைத்தது.

பொங்கல் விழாவில் கேட்ட அம்மையாருக்கும் இதுதான் என் பதில். பையனுடைய பழைய நோட்டுகளைக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள் அம்மா. முதலில் பின்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.