நீருக்கடியில் ஒரு விளக்கு



சிங்கப்பூரில் தேக்கா சந்தைக்குப் போயிருப்பீர்கள். இல்லாவிட்டால் போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த லிட்டில் இந்தியாவை ஒட்டினாற்போல் மவுண்ட் எமிலி என்றொரு சிறு குன்று இருக்கிறது. 1931ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் பொது நீச்சல் குளம் அங்கேதான் திறக்கப்பட்டது. ஊருக்குத் தண்ணீர் வழங்கிய பழைய நீர்த்தேக்கத்தையே குளமாக மாற்றியிருந்தார்கள். பிறகு 1957இல் ஃபேரர் பார்க்கிலும், 1973இல் தோ பாயோவிலும் பெரிய குளங்கள் வந்தன. இன்றோ, வசதியுள்ளவர்களின் தனி வீடுகளிலும், கூட்டுரிமை வீடுகளிலும் நீச்சல் குளங்கள் ஏராளம்.

‘நம் வீட்டில் குளிக்கத் தொட்டிதான் இருக்கிறது, நீச்சல் குளத்தைப் பற்றி நமக்கென்ன பேச்சு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் விடியுமுன் எழுந்து, பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் பராமரிப்பு வேலை செய்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். குளம் சுத்தம் செய்வதும், பம்பு பார்ப்பதும், விளக்கு மாற்றுவதும் அத்தகைய வேலைகளே. அவற்றுள் நீருக்கடியில் உள்ள பழைய விளக்கை மாற்றும் வேலையைப் பற்றி இன்று பேசுவோம். பார்ப்பதற்கு ஒரே ஒரு திருகாணியைக் கழற்றும் வேலை. கவனம் தவறினால் உயிரையே வாங்கும் வேலை.

முதலில் அந்த விளக்கின் அமைப்பைப் பார்ப்போம். பழைய வீடுகளின் சுவரில் அகல் வைக்க ஒரு மாடக்குழி இருக்குமல்லவா? நீச்சல் குளத்தின் சுவரிலும், நீர்மட்டத்துக்குக் கீழே, அப்படியொரு மாடம் இருக்கும். விளக்கு அதனுள் உட்கார்ந்திருக்கும். மாடத்துக்குள் தண்ணீர் புகுந்து நிற்கும். அது குறையன்று, அமைப்பே அப்படித்தான். ஆனால் விளக்கின் வயிற்றுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக்கூடாது. விளக்கின் பின்னாலிருந்து ஒரு கம்பிவடம், சுவருக்குள் பதித்த குழாய் வழியாக ஏறி, குளக்கரைக்கு மேலுள்ள இணைப்புப் பெட்டியைச் சேரும். வடத்தின் நீளத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்து மாடத்துக்குள் சுற்றி வைத்திருப்பார்கள். அதனால் குளத்து நீரை இறைக்காமலே விளக்கைக் கரைக்கு எடுத்து வந்து பார்க்க முடியும்.

இனி, ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். சிங்கப்பூர் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். நனைந்த உடம்பின் மின்தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகூட இந்தக் கணக்கைப் போட்டுவிடும். 230ஐ 1,000ஆல் வகுத்தால், உடம்பின் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டினால் மூச்சுவிடும் தசைகள் தடுமாறும். 50, 100 என்று ஏறினால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும். தண்ணீருக்குள் இன்னொரு கேடும் உண்டு. உயிரைப் பறிக்கப் போதாத சிறு மின்னோட்டமே கைகால்களை மரக்கச் செய்யும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் சத்தமில்லாமல் மூழ்கிவிடுவார்.

இந்த ஆபத்தைக் குறைக்கவே, குளத்துக்குள் இருக்கும் விளக்கை 12 வோல்ட்டில் எரிய விடுகிறார்கள். அதே கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்: 12ஐ 1,000ஆல் வகுத்தால் 12 மில்லி ஆம்பியர்தான். 230ஐ 12 ஆக்குவது மின்மாற்றி. அது குளக்கரையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். அந்த மின்மாற்றியும் பாதுகாப்புக்கென்றே செய்யப்பட்ட, தனிமைப்படுத்தும் வகையாக இருக்க வேண்டும். அதாவது, உள்ளே வரும் கம்பிச்சுருளும் வெளியே போகும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று தொடாதவை. காந்த விசை ஒன்றே அவற்றுக்கு இடையிலுள்ள தொடர்பு. அதனால் வீட்டு மின்சாரம் குளத்துக்குள் நேரே நுழைய வழியில்லை.

ஆனால் எல்லாப் பழைய விளக்கும் 12 வோல்ட் என்று நம்பிவிடக்கூடாது. அமெரிக்காவில் அந்நாட்டு வீட்டு மின்சாரமான 120 வோல்ட்டிலேயே நேராக எரியும் குளத்து விளக்குகள் இருக்கின்றன. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, பழைய விளக்கின் முன் நிற்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது எத்தனை வோல்ட்?’ என்பதே. விடை விளக்கின் மீதும், மின்மாற்றியின் மீதும் அச்சிட்டிருக்கும். அச்சு அழிந்திருந்தால், 230 என்றே கருதி நடந்துகொள்ள வேண்டும்.

இப்போது வேலையின் முறைக்கு வருவோம்.

வேலை குளத்தில் தொடங்குவதில்லை, மின்பெட்டியில் தொடங்குகிறது. சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் போதாது. மின்பெட்டியில் அந்த விளக்குக்கு உரிய துண்டிப்பானை இறக்கிப் பூட்டி, ‘வேலை நடக்கிறது, தொடாதீர்’ என்ற அட்டையை மாட்ட வேண்டும். விவரம் அறியாமல் வீட்டார் ஒருவர் வந்து சுவிட்சைத் தட்டிவிட்டதால் ஆபத்து நேர்ந்தது என்ற கதை நமக்கு வேண்டாம். அதன்பின், மின்சாரம் இல்லை என்பதைக் கருவி கொண்டு சோதிக்க வேண்டும். அந்தக் கருவி வேலை செய்கிறதா என்பதை முதலில் மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் பார்த்துவிட்டு, விளக்கின் கம்பியில் பார்த்து, மறுபடியும் பழைய இடத்தில் பார்ப்பார்கள். பழுதான கருவியும் ‘மின்சாரம் இல்லை’ என்றே காட்டும் அல்லவா? இத்தனையும் முடியும்வரை குளத்துக்குள் யாரும் இறங்கக்கூடாது.

பெரும்பாலான விளக்குகளில் மேற்புறத்தில் ஒரு திருகாணி இருக்கும். அதைக் கழற்றினால் விளக்கு முன்னால் சாய்ந்து வரும். மிச்ச வடத்தைப் பிரித்து, விளக்கைக் கரைக்குக் கொண்டு வரலாம். இங்கே கண்ணுக்கு வேலை. கண்ணாடிக்குள் ஈரம் தெரிகிறதா? செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கிறதா? வடத்தின் மேலுறை விறைத்து வெடித்திருக்கிறதா? இவற்றில் எது இருந்தாலும் பல்பை மட்டும் மாற்றுவது வீண். விளக்கையும் வடத்தையும் முழுதாக மாற்றிவிட வேண்டும். வடத்தை மாற்றும்போது, பழைய வடத்தின் நுனியில் உறுதியான கயிற்றைக் கட்டி இழுப்பார்கள். பழையது வெளியே வர, கயிறு குழாய்க்குள் போய்விடும். பிறகு அந்தக் கயிற்றில் புதிய வடத்தைக் கட்டி இழுத்துக்கொள்வார்கள். வடம் போதவில்லை என்று நீருக்கடியில் ஒட்டுப்போடக் கூடாது. விளக்கிலிருந்து பெட்டி வரை ஒரே துண்டாக இருக்க வேண்டும்.

பல்பை மட்டும் மாற்றினாலும், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும். சில வெள்ளி மிச்சப்படுத்தப் பழைய வளையத்தையே மாட்டுவோர் உண்டு. பல ஆண்டு வெப்பத்திலும் குளோரின் நீரிலும் கிடந்து அமுங்கிப்போன வளையம், மறுமுறை அதே இறுக்கத்தைத் தராது. தண்ணீர் உள்ளே புகுவது அந்த வழியில்தான்.

மரத்துப் பால் எடுத்து வாழ்ந்த குடும்பத்தாருக்கு இந்த இடத்தில் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நீரையும் மின்சாரத்தையும் பிரித்து வைக்க உலகம் ஒரு காலத்தில் நாடியது மலாயாக் காட்டு மரத்தின் பாலைத்தான். கெத்தா பெர்ச்சா என்பது அதன் பெயர். 1840களில் அது சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போயிற்று. கடலடியில் கிடந்த தந்திக் கம்பிகளுக்கு அதைத்தான் உறையாகப் போர்த்தினார்கள். 1871இல் மதராசையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த கடல்தந்தி அந்தக் காலத்தது. இன்றைய விளக்கு வளையங்கள் சிலிக்கோன் போன்ற செயற்கைப் பொருள்களால் ஆனவை. குளோரினையும் வெயிலையும் நம் இயற்கை ரப்பரைவிட அவை நன்றாகத் தாங்குகின்றன.

புதிய விளக்கை வாங்கும்போதும் கணக்கு வேண்டும். பழைய ஹாலஜன் விளக்குகள் பல 300 வாட். 12 வோல்ட்டில் 300 வாட் என்றால் 25 ஆம்பியர் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 4 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட், மாதத்துக்கு 36 யூனிட். அதன் இடத்தில் 30 வாட் எல்.இ.டி. விளக்கைப் போட்டால் மாதத்துக்கு 3.6 யூனிட்தான். ஆனால் பாலஸ்டியர் சாலையிலும் ஜாலான் புசாரிலும் உள்ள விளக்குக் கடைகளில் கண்ணுக்குப் பிடித்ததை எடுத்துவந்துவிட முடியாது. எத்தனை வோல்ட், மாறு மின்சாரமா நேர் மின்சாரமா, மாடத்தின் அகலம் எவ்வளவு, நீரில் மூழ்கியே இருப்பதற்கு ஏற்றது என்ற ஐ.பி. 68 குறியீடு இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மின்னணு வகைப் பழைய மின்மாற்றிகள் சில, இத்தனை வாட்டுக்குக் குறைந்தால் சரியாக இயங்கா. புதிய விளக்கு சிமிட்டினால் குற்றம் விளக்கில் இல்லாமல் மின்மாற்றியில் இருக்கலாம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. பழைய ஹாலஜன் விளக்கைச் சுற்றியுள்ள நீரே குளிரச் செய்கிறது. ‘எரிகிறதா, பார்ப்போம்’ என்று கரையில் வைத்து ஏற்றினால் சூடு மிஞ்சி, கண்ணாடி வெடிக்கும். மாடத்தில் பொருத்தி, நீரில் மூழ்கிய பிறகே ஏற்ற வேண்டும். மூழ்கும்போது குமிழி தொடர்ந்து வந்தால் உள்ளே நீர் புகுகிறது என்று பொருள். உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

மின்கசிவுத் துண்டிப்பான் என்ற கருவியை நீங்கள் உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். அது என்ன செய்கிறது? காட்டில் அளந்த பால் ஆலைக்கு வரும்போது குறைந்திருந்தால், வழியில் எங்கோ ஒழுகியிருக்கிறது என்று அறிகிறோம். அதுபோல, போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று இக்கருவி இடைவிடாமல் பார்க்கிறது. வீடுகளில் உள்ளது, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை அறுத்துவிடும். சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு இது கட்டாயமாயிற்று. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம் என்று விதித்து, பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை வரை அவகாசம் கொடுத்தார்கள். ஒன்றை மறக்கக்கூடாது. மின்மாற்றிக்கு முன்னால் இருக்கும் இக்கருவி, மின்மாற்றியைத் தாண்டி 12 வோல்ட் பக்கத்தில் நேரும் கசிவைக் காணாது. ஆகவே, அது இருக்கிறது என்ற தைரியத்தில் வளையத்தையும் வடத்தையும் அலட்சியம் செய்யலாகாது.

இந்த வேலையை யார் செய்யலாம்? சிங்கப்பூரில் மின்கம்பி வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். குளம் கூட்டும் பிள்ளையிடம், ‘அந்த விளக்கையும் கொஞ்சம் பார்த்துவிடு, தம்பி’ என்று வீட்டுக்காரர் சொல்லலாம், மேற்பார்வையாளரும் சொல்லலாம். ‘உரிமம் உள்ளவரை அழைத்தால் நான் கூட இருந்து உதவுகிறேன்’ என்று பணிவாகப் பதில் சொல்வதில் குற்றமில்லை. 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. குறை இருந்தால் மனிதவள அமைச்சிடம் முறையிடலாம்.

யாரேனும் குளத்தில் மின்சாரத்தில் சிக்கினால், பதறி நீரில் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சிக்குவார். முதலில் மின்பெட்டியில் மின்சாரத்தை அறுங்கள். உலர்ந்த மரக்கழியோ பிளாஸ்டிக் மிதவையோ நீட்டி இழுங்கள். உலோகக் கழி வேண்டாம். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை அழையுங்கள். மூச்சில்லை என்றால் மருத்துவ வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள்.

நேயர்களே, நீர் உள்ள இடமெல்லாம் இந்த விதி ஒன்றுதான். நம் குளியலறையில் ஈரக்கையோடு தொடும் சுவிட்சுக்கும், நீர் இறைக்கும் மோட்டாரின் பிய்ந்த வயருக்கும் அதுவே பொருந்தும். இன்றிரவு உங்கள் வீட்டு மின்பெட்டியைத் திறந்து, மின்கசிவுத் துண்டிப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது ‘டக்’கென்று விழ வேண்டும். விழாவிட்டால் நாளைக்கே உரிமம் பெற்ற வயர்மேனை அழையுங்கள். பாலம் கடந்து வேலைக்குப் போகும் பிள்ளை சாப்பிட உட்காரும்போது, ‘இன்றைக்கு என்ன வேலை?’ என்று கேட்பதோடு, ‘மின்சாரத்தை யார் அறுத்தார்கள்? சோதித்துப் பார்த்தாயா?’ என்றும் கேளுங்கள். தினமும் வீட்டில் கேட்கும் கேள்வி, வேலையிடத்தில் தானாகவே நினைவுக்கு வரும்.