வீதி காணா விரைவண்டிகள்

மனிதன் தன் காலினும் கடிது செல்லும் ஒன்றன்மேல் ஏறிச் செல்லக் கற்ற நாள் தொட்டே வேகத்தின்மேல் அவனுக்குக் காதல் உண்டாயிற்று. குதிரையை அடக்கினான், காளையை நுகத்திற் பூட்டினான், பின்னர் நீராவியையும் பெட்ரோலையும் மின்சாரத்தையும் ஏவல் கொண்டான். இக்காதல் நம் பக்கத்தார்க்குப் புதியதன்று. இராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய வேட்டை நாயின் ஓட்டத்தையும் குலத்தூய்மையையும் நம் முன்னோர் எவ்வளவு பாராட்டிப் பேணினர் என்பதை நாம் அறிவோம். 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையார் நாயினங்களைச் சிறப்பித்து வெளியிட்ட அஞ்சல் தலைகளுள் அதற்கும் ஓர் இடம் கிடைத்தது. அன்று நாயின் மேலும் பந்தயக் காளையின் மேலும் சென்ற மனம் இன்று மோட்டார் வண்டியின் மேற் செல்கின்றது, அவ்வளவே வேறுபாடு.

இக்காலத்து மாணவர் பலர், தாம் கண்ணாற் கண்டறியாத சில அயல்நாட்டு மோட்டார்களின் குதிரைச் சக்தி இவ்வளவு, விலை இவ்வளவு, உலகில் உள்ளவை இத்தனை என்று வாய்பாடு ஒப்பிப்பார்போல் ஒப்பிக்கின்றனர். நோட்டுப் புத்தகத்தின் அட்டையிலும் கைப்பேசியின் முகப்பிலும் அவ்வண்டிகளே விளங்குகின்றன. ஆயின், அவை எங்ஙனம் இயங்குகின்றன, ஏன் எண்ணிச் சிலவே செய்யப்படுகின்றன, அவற்றுள்ளும் சில சாலையில் ஓடவே உரிமையற்றனவாய் இருப்பது யாது காரணம் என்று வினவின், விடை கூறுவார் சிலரே. அவ்வினாக்களுக்கு இயன்ற அளவு விடை கூறி, இவ்வார்வத்தால் நாம் அடையத்தக்க பயன் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவது, கலப்பு விசை வண்டி என்பது யாது? பெட்ரோல் எஞ்சின் ஒன்றும் மின்சார மோட்டார் ஒன்றும் அல்லது பலவும் ஒருங்கு கூடிச் சக்கரங்களைச் சுழற்றும் வண்டியே அது. இவ்விரண்டன் இயல்பும் வேறு வேறு. பெட்ரோல் எஞ்சின் வேகமாய்ச் சுழன்றாலன்றித் தன் முழு வலிமையையும் காட்டாது. காற்றை அழுத்தி உட்செலுத்தும் டர்போ என்னும் கருவி பொருத்திய எஞ்சினாயின், மிதியை அழுத்திய பின்னரும் வலிமை பிறக்கச் சிறிது தாமதம் உண்டு. மின்சார மோட்டாரோ நின்ற நிலையிலேயே தன் முழு முறுக்கு விசையையும் தரவல்லது. எனவே, எஞ்சின் தயங்கும் இடத்தில் மோட்டார் கை கொடுக்கின்றது. மோட்டாரின் மின்கலம் ஓயும் இடத்தில் எஞ்சின் தோள் கொடுக்கின்றது. கனத்த வண்டியை மேட்டில் ஏற்றும் இரட்டை மாடுகளுள் ஒன்று தொடக்கத்தில் இழுக்க வல்லதாகவும், மற்றொன்று நெடுந்தொலை தளராது செல்ல வல்லதாகவும் அமைந்தாற்போன்றது இது.

இரண்டாவது பயன் வீணாகும் ஆற்றலை மீட்பதாகும். செங்கோட்டைக்கு மேற்கே மலைச்சாலையில் இறங்கும் லாரியின் பிரேக்குகள் சூடேறி நாறுவதைப் பலர் கண்டிருப்பர். வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதும் அங்கு வெப்பமாய் மாறிக் காற்றிற் கலந்து ஒழிகின்றது. 1,500 கிலோ எடையுள்ள மோட்டார் ஒன்று மணிக்கு 200 கி.மீ. வேகத்திற் செல்லுங்கால், அதனிடத்துள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 0.64 யூனிட் மின்சாரத்திற்குச் சமம். நூறு வாட்டு விளக்கு ஒன்றை ஆறு மணி நேரத்திற்கு மேல் எரிக்க அது போதும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் இவ்வளவும் வீணாகின்றது. கலப்பு விசை வண்டியில், வேகத்தைக் குறைக்க வேண்டிய போது, அதே மின்சார மோட்டார் மின்னாக்கியாக மாறிச் சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டே மின்சாரம் உண்டாக்கி மின்கலத்திற் சேமிக்கின்றது. பார்முலா ஒன் பந்தயங்களில் இம்முறை 2009-ஆம் ஆண்டில் இடம் பெற்றது.

இம்முறையைப் பந்தயக் களத்தின் புதுமை என்று எண்ணுவது பொருந்தாது. பெர்டினண்டு போர்ஷே என்னும் பொறியறிஞர் ஏறத்தாழ 1900-ஆம் ஆண்டளவிலேயே பெட்ரோலும் மின்சாரமும் கலந்து இயங்கும் வண்டி ஒன்றை அமைத்தார். பெருவாரியாகச் செய்யப்பட்ட முதற் கலப்பு விசை மோட்டார் 1997-இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரையஸ் என்பது. அது பந்தய வண்டியன்று, இல்லறத்தார் கடைத்தெருவுக்குச் செல்லும் எளிய வண்டி. செல்வர் வண்டியிற் பிறந்த நுட்பமே எளியோர் வண்டிக்கு இறங்கி வருகின்றது என்று பலர் கூறுவர். ஈண்டு நிகழ்ந்ததோ மறுதலை: எளியோர் வண்டியில் பதினாறு ஆண்டுகள் தேர்ந்த நுட்பமே 2013-இல் செல்வர் வண்டிக்கு ஏறிச் சென்றது.

அந்த 2013-ஆம் ஆண்டே இவ்வார்வலரின் பொன்னாண்டு. இங்கிலாந்தின் மக்லாரன் நிறுவனத்தார் பி-1 என்பதையும், இத்தாலியின் பெராரி நிறுவனத்தார் லாபெராரி என்பதையும், ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்தார் 918 ஸ்பைடர் என்பதையும் ஏறத்தாழ ஒருங்கே வெளிக்கொணர்ந்தனர். பி-1 என்பது 3.8 லிட்டர் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து 916 குதிரைச் சக்தி தருவது. லாபெராரியின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் 800, அதன் மோட்டார் 163, ஆக 963 குதிரைச் சக்தி. போர்ஷேயின் வண்டி எட்டுச் சிலிண்டர் எஞ்சினும் இரண்டு மோட்டார்களும் கொண்டு 887 குதிரைச் சக்தி உடையது.

மூன்றும் ஒரே வகையின எனினும் மூன்றன் கொள்கையும் வேறு. போர்ஷேயின் வண்டியை வீட்டு மின்சாரத்தால் ஏற்றி, பெட்ரோல் செலவின்றி ஏறத்தாழ 30 கி.மீ. செலுத்தலாம், முன் சக்கரங்களை மின்சாரமே சுழற்றுகின்றது. பெராரியாரோ மின்சாரத்தால் மட்டும் ஓட்டும் ஏற்பாட்டையே தம் வண்டியில் வையாது, பிரேக் பிடிக்கும்போது மீட்ட ஆற்றலை வேகத்திற்கே செலவிட்டனர். மக்லாரனார், பிரேக் மிதியின்கீழ்ச் செலுத்துவோன் காலுக்குத் தோன்றும் உணர்ச்சி கெடலாகாது என்று கருதி, பிரேக்கினால் ஆற்றலை மீட்கும் முறையையே விலக்கி, எஞ்சினைக் கொண்டும் வெளி மின்சாரத்தைக் கொண்டும் மின்கலத்தை நிரப்பினர். ஒரே நுட்பத்தை எவ்வெந் நோக்கத்தோடு கையாளுகின்றோமோ அவ்வந் நோக்கத்திற்கேற்ப அஃது உருமாறும் என்பதற்கு இஃது ஒரு நல்ல பாடமாகும். 2013 செப்டம்பரில், ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் என்னும் 20 கி.மீட்டருக்கு மேற்பட்ட வளைசாலையை 918 ஸ்பைடர் 6 நிமிடம் 57 விநாடியிற் சுற்றியது. ஏழு நிமிடத்திற்குள் அதனைச் சுற்றிய முதற் கலப்பு விசை வண்டி அதுவே.

இனி, எண்ணிச் சிலவே செய்வது ஏன் என்பதைக் காண்போம். பி-1 வண்டிகள் 375. போர்ஷேயின் வண்டிகள் தம் பெயருக்கேற்ப 918. கூரையுடைய லாபெராரி 499. சந்தை கேட்பதினும் ஒன்று குறையச் செய்வது என்பது பெராரியார் நெடுநாளாகக் கூறிவரும் கொள்கை. 2016-இல் ஐந்நூறாவதாக ஒன்றைச் செய்து ஏலமிட்டு, இத்தாலியின் நிலநடுக்கத்தால் நலிந்தோர்க்கு அத்தொகையை உதவினர். அது 70 இலட்சம் டாலர் விலை பெற்றது. இக்குறைந்த எண்ணிக்கைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, கரிநார்க் கூடும் உயர்ந்த உறுப்புக்களும் கையால் மெல்லச் செய்யப்படுவன. ஆலையில் நூற்கும் நூல்போல் இடையறாது பெருக்கத் தக்கனவல்ல. மற்றொன்று, அருமையே விலையாவது. நூறு பேர் விரும்புவதைத் தொண்ணூற்றொன்பது பேருக்கே கொடுத்தால், அந்த நூறாமவனின் ஏக்கமே மற்றையோர் உடைமைக்கு மதிப்பாகின்றது. முன்னது தொழிலின் இயல்பு. பின்னது வணிகரின் சூழ்ச்சி. இவ்விரண்டையும் பிரித்தறிதல் ஆர்வலர்க்கு இன்றியமையாதது.

அடுத்து, களத்திற்கு மட்டுமே உரிய வண்டிகள். சாலை வண்டிக்குச் சட்டம் பல கட்டுப்பாடுகளை விதிக்கின்றது: விளக்குகள், புகை அளவு, ஒலி அளவு, மோதினாற் காக்கும் அமைப்பு, மழையில் நீரை ஒதுக்கும் வரிப்பள்ளமுள்ள டயர் முதலியன. இவற்றை நீக்கிவிட்டால் அவ்வண்டி என்ன செய்யவல்லது என்று காண விழைந்ததன் விளைவே இவ்வகை. பெராரியார் 2014-இல் லாபெராரியினின்றும் எப்-எக்ஸ்-எக்ஸ்-கே என்பதை ஆக்கினர். அதன் ஆற்றல் 1,050 குதிரைச் சக்தி. மக்லாரனார் 2015-இல் பி-1 ஜி-டி-ஆர் என்பதை 1,000 குதிரைச் சக்தியோடு வெளியிட்டனர். தம் பழைய வண்டி 1995-இல் பிரான்சு நாட்டின் லெமான் பந்தயத்தில் வென்றதன் இருபதாம் ஆண்டு நினைவாக அது செய்யப்பட்டது.

இவற்றின் பெருஞ்சிறப்பு ஆற்றலன்று. காற்றை ஆளும் திறமே. விமானத்தின் இறக்கை காற்றால் மேலெழும்புவது. அவ்விறக்கையைத் தலைகீழாய் வைத்தால் காற்று அதனைக் கீழே அழுத்தும். இம்முறையால் எப்-எக்ஸ்-எக்ஸ்-கே மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் 540 கிலோ பளுவேற்றியது போலத் தரையோடு அழுந்தி நிற்கின்றது. பளு ஏறியதுபோல் டயர் தரையைப் பற்றுகின்றது. ஆயினும் வண்டியின் எடை ஏறவில்லை. வளைவில் வழுக்காது விரையும் மாயம் இதுவே. வரிப்பள்ளமற்ற மழமழப்பான டயர்கள் உலர்ந்த தரையை முழுமையாய்ப் பற்றும். மழை நீரிலோ அவையே வழுக்கிக் கேடு செய்யும். களத்தில் நன்மையாவது சாலையிற் கேடாவதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இதனை நம் நாட்டு வழக்கைக் கொண்டும் விளக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரின் பெருந்தேர் ஆடிப்பூரத்தன்று தனக்கென அமைந்த வீதிகளில் ஓடி நிலை சேர்கின்றது. அதனைக் கொண்டு மதுரைக்குப் பயணம் செல்வார் எவருமில்லை. வடம் பிடிப்போரும் முட்டுக்கட்டை இடுவோரும் இன்றி அஃது ஓரடியும் பெயராது. களவண்டியும் அவ்வாறே: பொறியாளர் குழுவும், தனிக்களமும், குறித்த நாளும் வேண்டும். எப்-எக்ஸ்-எக்ஸ்-கே வண்டியை வாங்கிய செல்வர், நிறுவனத்தார் ஏற்பாடு செய்யும் நாட்களிற் களத்திற்குச் சென்று ஓட்டி மகிழ்வர். வியப்பு யாதெனின், அஃது எப்பந்தயத்தின் விதிக்கும் அடங்காமையால், பந்தயத்திலும் ஓடாது, வீதியிலும் ஓடாது. பி-1 ஜி-டி-ஆர் சிலவற்றை இங்கிலாந்தின் லான்சாண்டி நிறுவனத்தார் மீண்டும் சாலைக்கேற்ப மாற்றிக் கொடுத்தனர். தன் தேர் வீதியுலாப் போக வேண்டும் என்னும் ஆசை மனிதனை எளிதில் விடுவதில்லை போலும்!

களத்தில் மின்சாரத்தின் இடம் யாது என்பதும் அறியத்தக்கது. ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனத்தார் வால்கிரி என்னும் கலப்பு விசை வண்டியைச் செய்து, அதன் களவண்டியில் மின்சாரப் பகுதியையே எடுத்து எறிந்தனர். மின்கலத்தின் எடை ஒழிந்தால் வண்டி மேலும் இலகுவாகும் என்பது அவர் கணக்கு. மெர்சிடிஸ் நிறுவனத்தாரோ பார்முலா ஒன் எஞ்சினையே அடியொற்றி, நான்கு மின்சார மோட்டார்களோடு ஒன் என்னும் வண்டியை ஆக்கி, 2022-இல் நூர்புர்க்ரிங்கை 6 நிமிடம் 35 விநாடியிற் சுற்றச் செய்தனர். 2024-இல் அறிவிக்கப்பட்ட பெராரி எப்-80, மக்லாரன் டபிள்யூ-1 என்பவையும் கலப்பு விசையினவே; முன்னது 1,200, பின்னது 1,275 குதிரைச் சக்தி உடையன.

இவ்வளவும் பெருஞ்செல்வரின் விளையாட்டன்றோ, நமக்கு இதனால் ஆவதென்ன என்று ஒருவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. இவ்வண்டிகள் மீட்கும் மின்சாரத்தால் உலகின் பெட்ரோற் செலவு குறைந்துவிடாது. எனினும், ஆர்வம் என்பது அறிவின் வாயில். குதிரைச் சக்தியை மனப்பாடம் செய்தவன் ஒரு படி ஏறி, ஆற்றல், விசை, உராய்வு என்பவற்றின் கணக்கைக் கற்பானாயின் அவன் ஆர்வம் வீண்போகாது.

அக்கணக்கு உயிர் காக்கும் கணக்குமாகும். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே பிரேக் பிடித்த பின் ஓடும் தொலைவும் நான்கு மடங்கு நீளும். மணிக்கு 50 கி.மீ. வேகத்திற் சென்றவன் உலர்ந்த சாலையில், ஆபத்தை உணரும் ஒரு விநாடியையும் சேர்த்து, ஏறத்தாழ 28 மீட்டரில் நிற்பான், 100 கி.மீ. வேகத்திற் சென்றவனுக்கு 80 மீட்டருக்கு மேல் வேண்டும். திருமங்கலத்தினின்றும் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை நம் இரண்டு ஊர்களினூடும் செல்கின்றது. அதில் ஆலைத் தொழிலாளர் சைக்கிளும், பள்ளிச் சிறுவர் கூட்டமும், மேய்ந்து திரும்பும் ஆடுகளும் உண்டு. அங்கே மோட்டார் சைக்கிளிற் பந்தயம் விடும் இளைஞன், தான் போற்றும் அவ்வண்டிகளின் முதற்பாடத்தையே கல்லாதவன். உலகின் மிகத் திறமை வாய்ந்த பொறியாளர்களே, இவ்வேகம் வீதிக்கு ஆகாது என்று தம் வண்டியைக் களத்தில் நிறுத்தினர் அல்லரோ?

வேகம் விழைவார்க்கு நம் நாட்டிலும் களம் உண்டு. சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் ஓடிய பந்தயங்கள் பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைக் களத்திற்கு இடம் பெயர்ந்தன. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், கரிவரதன் என்னும் பந்தய வீரரின் பெயரால் 2003-இல் ஒரு களம் அமைந்தது. கோயம்புத்தூரினரான நாராயண் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். அச்செட்டிபாளையக் களத்திலேயே பொறியியற் கல்லூரி மாணவர் தாமே வரைந்து, தாமே ஆக்கிய ஒற்றையிருக்கை வண்டிகளைக் கொணரும் பார்முலா பாரத் என்னும் போட்டி நடைபெற்றுள்ளது. மின்சார வண்டிகளுக்கும் அதில் தனிப்பிரிவு உண்டு.

ஆதலின், மாணவ நண்பர்களே, பிறர் ஆக்கிய 499 வண்டிகளின் பெயரை ஒப்பிப்பதோடு அமையற்க. ஆலைகளில் சுழலும் மோட்டாரையும், பட்டறையில் பிரித்துக் கிடக்கும் எஞ்சினையும் அணுகிக் கண்டு, அவை இயங்குமாற்றை வினவி அறிக. ஐந்நூறாவது வண்டியை விலைக்கு வாங்குதல் நம்மால் இயலாது. அதனினும் நல்ல ஒன்றனை ஆக்கும் அறிவைப் பெறுதற்கு எந்நிறுவனத்தாரும் எண்ணிக்கை வரையறுத்திலர்.