வகுப்பறையில் ஒரு சொற்போர்

வென்றவர் எழுதும் வரலாற்றில் தோற்றவர்க்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. அமெரிக்கா விடுதலை பெற்ற வரலாற்றைப் படிப்போர், 1773-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் எறியப்பட்டதை அறிவர். 1776-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பெற்றதையும் அறிவர். ஆயின், அங்கு வாழ்ந்த மக்களுள் ஒரு பகுதியினர் இங்கிலாந்து மன்னருக்கு எதிராக வாளெடுப்பதைப் பெரும் பிழையாகக் கருதினர் என்பதை அறிந்தவர் சிலரே. போரின் முடிவில் அவர்களுள் ஏறத்தாழ 60,000 பேர் வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கனடா முதலிய இடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களும் தம் நாட்டை நேசித்தவர்களே. எனினும் 'தேசப் பற்றாளர்' என்னும் பெயர் எதிர்த்தரப்பார்க்கே நிலைத்துவிட்டது. பெயரிடும் உரிமையும் வெற்றியின் பரிசுகளுள் ஒன்று போலும்!

வரலாற்று நூல் ஒரு வரியில் கடந்து செல்லும் இடத்தில் வரலாற்றுப் புதினம் நின்று பேசுகிறது. 'என் அண்ணன் சாம் இறந்துவிட்டான்' என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கிலப் புதினம் 1974-இல் வெளிவந்தது. அதனை இயற்றியோர் ஜேம்ஸ் லிங்கன் காலியர், கிறிஸ்டபர் காலியர் என்னும் உடன்பிறந்தார் இருவர். முன்னவர் எழுத்தாளர், பின்னவர் வரலாற்றுப் பேராசிரியர். கனெக்டிகட் நாட்டுப்புறத்திலுள்ள ரெட்டிங் என்னும் ஊரில் வழிப்போக்கர் விடுதி நடத்தும் மீக்கர் குடும்பத்தின் கதை அது. மூத்த மகன் சாம் கல்லூரி மாணவன். 1775-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்த செய்தியோடு வீடு வருகிறான். தந்தையின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளர்ச்சிப் படைக்குச் செல்கிறான். தந்தையோ மன்னரிடம் பற்றுடையவர், போரையே வெறுப்பவர். இளையவன் டிம் இருவருக்கும் இடையே இருதலைக் கொள்ளி எறும்பெனத் தவிக்கிறான். கதையை நமக்குச் சொல்பவன் அவனே.

கதையின் முடிவு நெஞ்சை உலுக்குவது. மன்னர்பால் பற்றுக் கொண்ட தந்தை அம்மன்னரின் சிறைக்கப்பலிலேயே நோயுற்று இறக்கிறார். விடுதலைக்காகப் போரிட்ட மகனோ, தன் வீட்டு மாட்டைத் தானே திருடினான் என்னும் பொய்ப்பழிக்கு ஆளாகித் தன் படையினராலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான்.

இத்தகைய நூலைப் படித்தபின், வினாவும் விடையும் எழுதி முடித்துவிடாமல், மாணவரைக் கதைமாந்தராகவே நிறுத்தி வாதிடச் செய்வது சிறந்த பயிற்றுமுறை. வினா ஒன்றே போதும்: தந்தை சொல்லை மீறிச் சாம் படையில் சேர்ந்தது தக்கதா? இச்சொற்போருக்கு இரண்டு விதிகள் இன்றியமையாதவை.

முதலாவது, வேடத்தை மாணவர் தாமே தெரிந்துகொள்ளலாகாது. திருவுளச்சீட்டு எடுத்தே பெறல் வேண்டும். சாமின் பக்கம் நிற்க விழைபவனுக்குத் தந்தையின் வேடம் வாய்க்கட்டும். முதல் நாள் அவன் முகம் சுளிப்பான். மறுநாள் நூலைப் புரட்டித் தந்தையின் சொற்களைத் தேடத் தொடங்குவான். முன்னொரு போரில் உயிர்த்தோழனைப் பறிகொடுத்தவர் அவர் என்பதும், சில காசு வரிக்காகப் பிள்ளைகளைப் பலியிடுவதோ என்று அவர் வினவுவதும் அப்போதுதான் அவன் கண்ணில் படும். முன்பும் அவ்வரிகளைப் படித்தவனே. எனினும் அவற்றை எதிரியின் சொற்களாகவே படித்திருந்தான்.

இரண்டாவது, அந்த ஏப்ரல் திங்களுக்குப் பிற்பட்ட எதனையும் எவரும் எடுத்துரைத்தல் கூடாது. "நாம் வெல்லப்போகிறோம்" என்று சாமாக நிற்பவன் முழங்கினால், "நீ எங்ஙனம் அறிந்தாய்?" என்று ஆசிரியர் தடுத்தல் வேண்டும். 1783-இல் உடன்படிக்கை கையெழுத்தாகும் என்பதை 1775-இல் அறிந்தவர் யார்? எதிரே நின்றது உலகின் வலிமை மிக்க கடற்படையை உடைய அரசு. ஆதலால் சாம் தன் வழக்கை வேறு சான்றுகளால் நிறுவியாக வேண்டும். தங்கள் பிரதிநிதி ஒருவரேனும் அமராத பாராளுமன்றம் 1765-இல் முத்திரை வரி விதித்ததையும், 1770-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாஸ்டன் தெருவில் சிப்பாய்களின் குண்டுகளுக்கு ஐவர் இரையானதையும் அவன் எடுத்துக்காட்டலாம். உடனே தந்தையின் தரப்பினர், முத்திரை வரி மறு ஆண்டே நீக்கப்பட்டதன்றோ என்பர். அச்சிப்பாய்களுக்காக வழக்காடியவர் ஜான் ஆடம்ஸ் என்னும் பாஸ்டன் வழக்கறிஞரே என்பர். அவர் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாம் குடியரசுத் தலைவரானார் என்பதைச் சொல்ல மட்டும் விதி இடந்தராது!

உரத்த குரலும் கைவீச்சும் வாதமாகா. கைதட்டலுக்காகப் பேசுவோரை ஆசிரியர் அமரச் செய்தல் நலம்.

இவ்விரு தரப்பிலும் சேராத ஒருவனுக்கும் மன்றத்தில் இடம் வேண்டும். கதையில் நெட் என்னும் கறுப்பின அடிமை வருகிறான். ஆங்கிலப் படை ஊருக்குள் புகும்போது அவன் கொல்லப்படுகிறான். விடுதலை, விடுதலை என்று சாம் முழங்கும்போது நெட் எழுந்து, "அது எனக்கும் உண்டோ?" என்று கேட்டால் மன்றம் வாயடைத்துப் போகும். அதே 1775-ஆம் ஆண்டு நவம்பரில், வர்ஜீனியாவின் ஆளுநராக இருந்த டன்மோர் பிரபு, கிளர்ச்சியாளரின் அடிமைகள் மன்னர் படையில் வந்து சேர்ந்தால் விடுதலை பெறுவர் என அறிவித்தார். பலர் ஓடி வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு விடுதலை மன்னரின் கொடிக்கீழ்தான் தென்பட்டது. பற்று என்பது அவரவர் நின்ற இடத்தைப் பொறுத்தும் அமைவது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

வாதம் முடிந்ததும் வேடத்தைக் களைந்துவிட்டுப் புதினத்தையே சான்றுக் கூண்டில் ஏற்றுதல் நன்று. ரெட்டிங் உண்மையான ஊர். 1778-79 குளிர்காலத்தில் தளபதி பட்னம் அங்குப் பாடியிறங்கியதும் உண்மை. ஆனால் சாம் கற்பனை. நூலாசிரியர்தம் நெஞ்சம் எப்பக்கம் சாய்கிறது? இதற்கு முன்னரே, 1943-இல், எஸ்தர் போர்ப்ஸ் என்னும் அம்மையார் 'ஜானி டிரெமெய்ன்' என்னும் புதினத்தை வெளியிட்டார். அதில் வெள்ளித் தட்டாரிடம் தொழில் பயிலும் இளைஞன் ஒருவன் விடுதலைப் போரில் தன் வாழ்வின் பொருளைக் காண்கிறான். அந்நூல் இரண்டாம் உலகப் போரின் நடுவே தோன்றியது. காலியர் உடன்பிறந்தாரின் நூலோ, வியட்நாம் போர் அமெரிக்க மக்களைப் பிளவுபடுத்தியிருந்த காலத்தை ஒட்டி வந்தது. ஒரே போர், எழுதிய காலம் வேறானதால் அதன் முகமும் வேறாயிற்று.

தந்தையும் மகனும் பிரிந்தது கதையில் மட்டும் நிகழ்ந்ததன்று. 1752-இல் மின்னலை ஆராயப் பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்டபோது உடனிருந்து உதவியவர் அவர் மகன் வில்லியம். பின்னர் வில்லியம் நியூ ஜெர்சியின் ஆளுநரானார். மன்னர் பக்கமே நின்றார். தந்தை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அதே 1776-இல் மகன் சிறைப்பட்டார். சிறையில் இருக்கும்போதே 1777-இல் மனைவியை இழந்தார். போர் ஓய்ந்தபின், 1784-இல், ஒப்புரவை வேண்டித் தந்தைக்கு எழுதினார். அரசியற் கடமைகளுக்கு முற்பட்ட இயற்கைக் கடமைகளும் உள்ளன என்றும், முதுமையில் ஒரே மகன் தம்மைக் கைவிட்டு எதிரணியில் நின்றதுபோல் வேறெதுவும் தம்மை வருத்தவில்லை என்றும் தந்தை மறுமொழி விடுத்தார். மறு ஆண்டு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் இருவரும் சந்தித்தனர். நிலக் கணக்குகளைத் தீர்த்துக்கொண்டு பிரிந்தனர். அதன்பின் அவர்கள் ஒருவரையொருவர் காணவில்லை.

அடுத்த சொற்போருக்கு அக்கடிதமே பொருளாகலாம். திருவுளச்சீட்டில் இரண்டு பெயர்கள் எழுதினால் போதும்.