பழைய விலையே தெரிகிறதே!

வடாம் போட்டு இணையதளத்தில் விற்கும் சகோதரி ஒருவர், விலையை 180 ரூபாயிலிருந்து 220 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குகிறவர்களுக்கோ பழைய விலையே தெரிகிறது! வீண் மனஸ்தாபந்தானே?

பக்கம் சட்டென்று திறக்கட்டும் என்று பிரவுசர் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்திக்கொள்கிறது. இதற்குக் 'கேஷ்' என்று பெயர். 'மேக்ஸ்-ஏஜ் 86400' என்று சர்வர் சொல்லியிருந்தால், 86,400 விநாடி, அதாவது 24 மணி நேரம், அந்தப் பிரதியே தலைகாட்டும்.

முதலில் 'இன்காக்னிட்டோ' ஜன்னலில் திறந்து பாருங்கள். புது விலை தெரிந்தால், பழைய பிரதி உங்கள் பிரவுசரில்தான் இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோலையும் எஃப்5-ஐயும் சேர்த்து அழுத்தினால் போதும். அங்கும் பழையதே என்றால், பெரும்பாலும் சர்வர் பக்கத்துக் கேஷைக் காலி செய்ய வேண்டியிருக்கும்.

வாடிக்கைக்காரர் வீட்டுப் பிரவுசரை நாம் துடைக்க முடியுமா? ஆகவே, விலைப் பக்கத்துக்கு 'நோ-கேஷ்' கட்டளை போடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்ட பிறகே பக்கம் திறக்கும்!