எண் ஆயிடைகளும் எல்லைப் புள்ளியும்: சிறு நிரல் நூலகம் ஒன்றின் பணி பற்றிய குறிப்பு

கி.மு. 45 இல் யூலியஸ் சீசர் நடைமுறைப்படுத்திய நாட்காட்டி, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாள் கூட்டப்பட வேண்டும் என விதித்தது. அவர் கொலையுண்ட பின்னர் அப்பொறுப்பை வகித்த உரோமக் குருமார் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே அந்நாளைக் கூட்டிவந்தனர். உரோமர் எண்ணுங்கால் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே சேர்த்து எண்ணும் வழக்கினர். ஆதலால் 'நான்காம் ஆண்டுதோறும்' என்னும் விதி அவர்தம் கணக்கில் மூன்றாண்டு இடைவெளியாயிற்று. 36 ஆண்டுகளில் 9 நாட்களுக்குப் பதிலாக 12 நாட்கள் கூடிவிட்டன எனப் பண்டைய ஆசிரியர் கூறுவர். மிகையான மூன்று நாட்களை ஈடுசெய்யும் பணி அகஸ்ரஸ் காலத்தில் மேற்கொள்ளப்பட்டது.

அறிவுக்குறைவினால் நேர்ந்த பிழை அன்று இது. எல்லைப் புள்ளி உள்ளடங்குமா அடங்காதா என்பது வெளிப்படையாக உரைக்கப்படாமையே இதன் காரணம். நம் மொழியிலும் இவ்விடர்ப்பாடு உண்டு. 'திங்கள் முதல் வெள்ளி வரை' என்புழி வெள்ளி அடங்கும். 'ஐந்து மணி வரை' என்புழி ஐந்து அடித்ததும் காலம் முடிந்துவிடும். 'வரை' என்னும் சொல் ஒன்றே. சூழலறிந்து பொருள் கொள்பவர் நாமே. கணினிக்கு அவ்வாய்ப்பு இல்லை.

எண் ஆயிடைகளைக் கையாளும் நிரல் நூலகங்கள் தோன்றியமைக்கு இதுவே அடிப்படை. நிரல் நூலகம் என்பது, பலரும் தத்தம் செய்நிரல்களிற் சேர்த்துப் பயன்படுத்தத்தக்கவாறு ஒருவர் எழுதிவைத்த கட்டளைத் தொகுதியாகும். ஆயிடை நூலகங்களுள் சில மிகச் சிறியன. ஓர் எண் ஆயிடையினுள் உள்ளதா, இரு ஆயிடைகள் மேற்கவிகின்றனவா, அவற்றின் பொதுப்பகுதி யாது, இடையே வெற்றிடம் உண்டா என்னும் வினாக்களுக்கு விடை தருவதே அவற்றின் முழுப்பணி.

2 முதல் 12 ஈறான முழுவெண்களை நான்கு வகையாகக் குறிக்கலாம்: இரு எல்லைகளையும் சேர்த்து, இரண்டையும் விலக்கி, கீழெல்லையை மட்டும் சேர்த்து, மேலெல்லையை மட்டும் சேர்த்து. நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ரா 1982 ஓகஸ்ட் 11 ஆந் திகதியிட்ட சிறு குறிப்பொன்றில் இந்நான்கையும் ஒப்பிட்டார். கீழெல்லை அடங்கி மேலெல்லை விலகும் முறையே, அதாவது 2 இலிருந்து 13 க்கு முன் என்பதே, அவரது தெரிவு. இம்முறையில் 13 இலிருந்து 2 ஐக் கழித்தால் எண்ணிக்கை 11 நேரே கிடைக்கும்; ஓர் ஆயிடை முடியும் எண்ணிலேயே அடுத்தது தொடங்கும். நான்கு வகைக்கும் குறியீடு அளித்த மீசா என்னும் கணினிமொழியில் ஏனைய மூன்றும் ஓயாது பிழைகளை விளைவித்தமையையும் அவர் சுட்டினார். பைதன் மொழி இவ்வரைத்திறந்த முறையையே தழுவியது. ரூபி மொழியிலோ இரு புள்ளியிட்டால் மேலெல்லை சேரும், மூன்று புள்ளியிட்டால் விலகும். ஒரு புள்ளியில் இத்துணைப் பொருள் வேறுபாட்டை ஏற்றுதல் விவேகமானதா என்பது ஐயத்துக்குரியது.

மேற்கவிகையைச் சோதிப்பதற்குப் புதியோர் பல நிலைகளை வரிசையாக எழுதுவர். உண்மையில் ஒரு வரி போதுமானது: முதலாவது, இரண்டாவது முடியுமுன் தொடங்கவேண்டும், இரண்டாவது, முதலாவது முடியுமுன் தொடங்கவேண்டும். எனினும் இவ்வரியிலும் ஒரு பொறி உண்டு. 5 இலிருந்து 5 க்கு முன் என்னும் ஆயிடை வெறுமையானது. ஆயினும் 3 முதல் 10 வரையான ஆயிடையுடன் அது மேற்கவிவதாக இவ்வரி விடை தரும். நல்ல நூலகம் வெறுமையை முதலிற் சோதிக்கும். 2012 இல் ஆயிடைகளைத் தரவு வகையாக ஏற்ற போஸ்ற்கிறெஸ் தரவுத்தளம் அவ்வாறே செய்கின்றது. முழுவெண் ஆயிடை எவ்வடிவில் எழுதப்படினும் அதனை அரைத்திறந்த வடிவுக்கு மாற்றியும் கொள்கின்றது.

இதன் சமூக முக்கியத்துவம் புறக்கணிக்கத்தக்கதன்று. மாத வருமானம் 10,000 ரூபாவிலும் குறைந்தோர்க்கு ஓர் உதவி, 10,000 ரூபாவிலும் கூடியோர்க்கு வேறோர் உதவி எனத் திட்டமொன்று வகுக்கப்படுவதாகக் கொள்வோம். சரியாக 10,000 பெறுபவர் எங்கும் இல்லாதவராகிறார். அவரை விலக்குமாறு எவரும் முடிவு செய்யவில்லை. ஒரு சமன் குறி விடுபட்டது, அவ்வளவே. வகுப்பாயிடைகளை 10–20, 20–30 என எழுதும் புள்ளிவிபர அட்டவணைகளில் 20 இன் இடம் யாதென மாணவர் கேட்பதும் இவ்வினாவே.

அவ்விதி திறந்த மூல நூலகமொன்றில் எழுதப்பட்டிருப்பின் எவரும் அதனைப் படித்து, பிழையைச் சுட்டி, திருத்தத்தை முன்வைக்கலாம். மூடிய நிரலில் அது இயலாது. பாதிக்கப்பட்டவர்க்கு விடை மட்டுமே தெரியும், விதி தெரியாது. ஆயினும் பொதுச்சொத்தாகிய இந்நூலகங்களுட் பலவற்றைத் தனியொருவர் ஊதியமின்றிப் பேணிவருகின்றார் என்பதையும் மறைத்தலாகாது. 2016 மார்ச்சில், சொற்றொடரின் இடப்புறத்தை நிரப்பும் 11 வரி நூலகமொன்றை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து மீட்டுக்கொண்டபோது, அதனை நேரடியாகவோ மறைமுகமாகவோ சார்ந்திருந்த எண்ணற்ற செய்நிரல்களின் கட்டமைப்புத் தடைப்பட்டது. அவற்றை எழுதியோருட் பலர் அப்பதினொரு வரிகள் தம் நிரலில் இருந்ததையே அன்றுதான் அறிந்தனர்.