உங்களுக்குத் தெரியுமா? கிணற்றில் இறங்கும் யூரியா

யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, உள்ளது; கரும்பும் நெல்லும் தக்காளியும் விளையும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வயலுக்கு இடப்படும் இவ்வுரத்தில் பயிர் எடுத்துக்கொண்டது போக எஞ்சுவதில் ஒரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட் என்னும் உப்பாக மாற்றுகின்றன. எதிர்மின்னேற்றம் கொண்ட நைட்ரேட்டை மண்துகள்கள் பிடித்துவைப்பதில்லை என்பதால், அது பாசன நீரோடு கீழிறங்கி, பொன்முகலி எனப்படும் சுவர்ணமுகி ஆற்றுப்படுகையின் கடினப்பாறை வெடிப்புகளில் தேங்கும் நிலத்தடி நீரை அடையக்கூடும். அந்நீர் ஆழ்துளைக் கிணற்றின் வழியே மீண்டும் வயலுக்குப் பாயும்போது, உழவர் தம்மை அறியாமலே இரண்டாம் முறை உரமிடுகிறார். (கழிவுநீர்த் தொட்டிகளும் மாட்டுத் தொழுவங்களும் இதில் பங்காளிகளே, பழி முழுவதையும் வயலின்மீது சுமத்துவது முறையன்று.) குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரம்பு. வரம்பு மீறிய நீரில் பால்மாவு கரைத்துப் புகட்டினால், ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குன்றி, உதடும் நகமும் நீலம் பாரிக்கும் ‘நீலக்குழந்தை நோய்’ நேரலாம். நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காத இவ்வுப்பு கொதிக்கவைத்தாலும் ஆவியாவதில்லை; தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்கிறது.